உஷா மேத்தாவின் 42.34 மீட்டர்: எட்டாங்கிளாஸ் பேச்சுப்போட்டிக்கு உதவி வேணும்

மாடித்தோட்டம் | திங்கள் இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். நான் வழக்கமா செடிகொடி பகுதியில மட்டும்தான் எழுதுவேன், இந்தப் பக்கம் முதல் தடவை, திரி தப்பான இடத்துல இருந்தா மாடரேட்டர் நகர்த்திடுங்க.

பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஸ்கூல்ல "விடுதலைப் போரில் பெண்கள்"னு பேச்சுப்போட்டி, சீட்டு குலுக்கிப் போட்டதுல இவளுக்கு உஷா மேத்தா வந்திருக்கு. வேலு நாச்சியாரோ அஞ்சலையம்மாளோ வந்திருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேன். இந்தம்மாவப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் திருட்டு ரேடியோ நடத்தினாங்கங்கிறது மட்டும்தான். வீட்டு வாட்ஸாப் குரூப்ல கேட்டா எங்க சித்தப்பா ஒரு ஃபார்வர்ட் அனுப்புறாரு, அதுல நேதாஜியோட ரேடியோவுல அறிவிப்பாளரா இருந்தாங்கன்னு போட்டிருக்கு. உண்மையா? மூணு நிமிஷப் பேச்சு, வெள்ளிக்கிழமை போட்டி. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

மாதுங்காகாரன் | திங்கள் இரவு 9:52

சித்தப்பா ஃபார்வர்ட ஓரமா வைங்க மேடம். நேதாஜியோடது ஆசாத் ஹிந்த் ரேடியோ, 1942ல ஜெர்மனில ஆரம்பிச்சு அப்புறம் சிங்கப்பூர், ரங்கூன்னு போச்சு, அதுல தமிழ்லயும் நிகழ்ச்சி உண்டு. உஷா மேத்தாவோடது காங்கிரஸ் ரேடியோ. வெளிநாட்டுல இருந்தெல்லாம் இல்ல, பிரிட்டிஷ்காரன் மூக்குக்குக் கீழ, பம்பாய்லயே நடந்தது. ரெண்டும் ஒரே வருஷங்கிறதால எல்லாரும் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

நான் 20 வருஷமா இந்த ஊர்தான், ஆபீஸ் கிராண்ட் ரோடு பக்கம். முழுசா நாளைக்கு எழுதுறேன், இப்போ லோக்கல் ட்ரெயின்ல தொங்கிட்டு இருக்கேன், ஒரு கைலதான் டைப் பண்றேன்.

சும்மாவந்தேன் | திங்கள் இரவு 10:20

2024ல ஒரு ஹிந்தி படம் வந்துச்சே அத போட்டுக் காட்டுங்க பாப்பாவுக்கு, முடிஞ்சுது வேலை

வக்கீல்குமாஸ்தா | திங்கள் இரவு 10:41

படத்த பாத்துட்டு பேச்சுப்போட்டிக்குப் போனா நடுவர் ஒருத்தர் விஷயம் தெரிஞ்சவரா இருந்தா மாட்டிக்கும் பாப்பா. சினிமாக்குன்னு சேத்தது நிறைய.

எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். பிறந்தது 1920 மார்ச் 25, சூரத் பக்கத்துல சரஸ்னு ஒரு கிராமம். அப்பா நீதிபதி, அதாவது வெள்ளக்காரன் சம்பளத்துல இருந்த நீதிபதி, இத மறந்துடாதீங்க, பின்னாடி கோர்ட்ல அந்தப் பொண்ணு நடந்துக்கிட்ட விதத்துக்கு இது முக்கியம். 1928ல சைமன் கமிஷன் வந்தப்போ எட்டு வயசு, "சைமனே திரும்பிப் போ"ன்னு ஊர்வலத்துல கத்தியிருக்கு. அப்பாவுக்கு இதுல இஷ்டமில்ல, அவர் உத்தியோகம் அப்படி. 1930ல அவர் ரிடையர் ஆனதும்தான் வீட்டுல கெடுபிடி கொறஞ்சுது, 1932ல குடும்பமே பம்பாய்க்கு வந்துடுச்சு.

பேச்சுப்போட்டிக்கு ஒரு நல்ல சம்பவம் இருக்கு. கொடி புடிச்சுக்கிட்டு பசங்க ஊர்வலம் போறப்போ போலீஸ் தடியடி, கொடி வெச்சிருந்த சின்னப் பொண்ணு கொடியோட கீழ விழுந்துட்டா. பசங்களுக்கு அடி பட்டதவிட கொடி விழுந்ததுதான் அவமானமா போச்சு. நேரா வீட்டுக்குப் போய் பெரியவங்கள நச்சரிச்சு காவி, வெள்ளை, பச்சைல டிரஸ் தெச்சு வாங்கி, அதப் போட்டுக்கிட்டு மறுபடி தெருவுல எறங்கிட்டாங்க. தடிய சுழட்டு, ஆனா எங்க கொடிய கீழ எறக்க முடியாதுன்னு போலீஸப் பாத்து சத்தம் போட்டாங்களாம், ஏன்னா இப்போ கொடி கைல இல்ல, ஒடம்புல இருக்கு.

மாடித்தோட்டம் | செவ்வாய் காலை 6:30

வக்கீல் சார் இது அருமை!! பொண்ணுகிட்ட காலைல காபி போட்டுக்கிட்டே சொன்னேன், உடனே "அம்மா எனக்கும் அந்த மாதிரி டிரஸ்"ன்னு ஆரம்பிச்சுட்டா, இப்போ நான் டெய்லர்கிட்ட ஓடணும்.

குறுக்குக்கேள்வி | செவ்வாய் காலை 11:05

எல்லாரும் புல்லரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. காங்கிரஸ் ரேடியோ மொத்தம் எத்தன நாள் ஓடுச்சு? 1942 ஆகஸ்ட் 27ல இருந்து நவம்பர் 12 வரைக்கும், கணக்கு போட்டா 78 நாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் போல. 1942ல ரேடியோ செட் யார் வீட்டுல இருந்துச்சு? டாக்டர், வக்கீல், ஜமீன், மில் ஓனர். சாதாரண ஜனம் எங்க கேட்டுச்சு? இத போயி பெரிய புரட்சின்னு சொல்றது கொஞ்சம் ஓவரா தெரியல? தப்பா எடுத்துக்காதீங்க, மரியாதைக் குறைவா சொல்லல, ஆனா அவங்க 80 வயசு வரைக்கும் வாழ்ந்தவங்க, நாம பேசுறது 78 நாளப் பத்தி மட்டும்தான்.

வால்வுசெட் | செவ்வாய் மதியம் 2:48

தம்பி குறுக்குக்கேள்வி, கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கணும்.

நான் மதுரைல 35 வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவன், ஹாம் லைசென்சும் உண்டு, அதாவது பொழுதுபோக்கா சொந்த செட்டு வெச்சு மத்தவங்ககிட்ட ரேடியோவுல பேசிக்கிறதுக்கான லைசென்ஸ். இந்த விஷயத்துல எனக்கு அரசியல் அப்புறம், முதல்ல கண்ணுல படுறது அந்த நம்பர்தான். 42.34 மீட்டர். அவங்க முதல் ஒலிபரப்புல சொன்னதே அதான், "இது காங்கிரஸ் ரேடியோ, 42.34 மீட்டரில் இந்தியாவில் எங்கிருந்தோ பேசுகிறோம்"ங்கிற மாதிரி. மீட்டர மெகாஹெர்ட்ஸா மாத்திப் பாருங்க, 7.08 வரும். ரேடியோ புடிச்ச ஆளுக்கு இது என்னன்னு பாத்த உடனே தெரியும், ஹாம்காரங்களோட 40 மீட்டர் பேண்ட். இன்னிக்கும் நான் ராத்திரி உக்காந்து திருநெல்வேலி, பெங்களூர், கொழும்பு நண்பர்கள்கிட்ட பேசுற இடம் அதான். யுத்தம் ஆரம்பிச்சதும் 1939ல சர்க்கார் ஹாம் லைசென்ஸ் அத்தனையும் ரத்து பண்ணிடுச்சு, செட்டையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லிட்டான். ஆக அந்த இடம் காலியா கெடந்தது. வீட்டுல இருக்கிற சாதாரண வால்வு செட்டுல 41 மீட்டர்னு டயல்ல போட்டிருக்கும் பாருங்க, அதுக்குக் கொஞ்சம் தள்ளி முள்ள நகத்தினா கேக்கும். பொதுமக்கள் செட்டுல கேக்கணும், ஆனா பெரிய ஸ்டேஷன் எதுவும் அமுக்கிடக் கூடாது. யாரோ யோசிச்சுத்தான் வச்சிருக்கான்.

சாயங்காலம் ஏழரைலருந்து எட்டரைன்னு நேரம் வச்சதும் அப்படித்தான். பகல்ல அந்த அலைவரிசை ரொம்ப தூரம் போகாது. இருட்டினதும் வானத்துல பட்டு எகிறி நூத்துக்கணக்கான மைல் போகும். பம்பாய்ல பேசினா வடக்க ரொம்ப தூரம் வரைக்கும் கேக்கும்.

இப்போ போலீஸ் எப்படிப் புடிப்பான்னு சொல்றேன். வேன் மேல ஒரு வளையம் மாதிரி ஏரியல் இருக்கும். அத மெல்லச் சுத்துவான். ஒரு திசைல வரும்போது சத்தம் சட்டுனு அமுங்கும். அந்தத் திசைய மேப்புல ஒரு கோடா போடுவான். வேன இன்னொரு தெருவுக்குக் கொண்டு போய் மறுபடி ஒரு கோடு. ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல ஆளு. இதுக்கு அவனுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், நேரம். நீங்க ஒரே எடத்துல தினம் அதே நேரத்துக்குப் பேசிக்கிட்டிருந்தா ஒரு வாரத்துல வாசல்ல நிப்பான். அதான் அவங்க எடம் மாத்திக்கிட்டே இருந்தாங்க. டிரான்ஸ்மிட்டர்னா இப்போ மாதிரி சட்டப்பைல போடுற சாமான் இல்ல தம்பி, டிரான்ஸ்பார்மர் மட்டுமே ஆள் தூக்குற கனம், கண்ணாடி வால்வு, வண்டி குலுங்கினா போச்சு. ஏரியல் கம்பி அந்த அலைவரிசைக்கு சுமார் 66 அடி வேணும். 66 அடி கம்பிய யாருக்கும் சந்தேகம் வராம எங்க கட்டுவீங்க? நாங்க இப்போ அபார்ட்மென்ட் செக்ரட்டரிக்குப் பயந்து துணி காயப்போடுற கொடி மாதிரி கட்டுறோம், எங்களுக்கு மாட்டினா ஃபைன், அவங்களுக்கு ஜெயில்.

இதையெல்லாம் தலைமைல நின்னு நடத்தின பொண்ணுக்கு வயசு 22.

குறுக்குக்கேள்வி | செவ்வாய் மதியம் 3:30

ஐயா டெக்னிக்கல் விளக்கம் சூப்பர், இது எங்கயும் படிச்சதில்ல. ஆனா என் கேள்விக்கு பதில் வரலையே. கேட்டது யாரு?

வக்கீல்குமாஸ்தா | செவ்வாய் மாலை 5:16

கேட்டது யாருன்னு நிச்சயமா ஒருத்தரச் சொல்லலாம், போலீஸ்.

சிரிக்காதீங்க, சீரியஸா சொல்றேன். தினமும் சாயங்காலம் போலீஸ் ஆளு செட்டு முன்னாடி உக்காந்து ஒவ்வொரு ஒலிபரப்பையும் எழுதி வெச்சான், கேஸுக்கு சாட்சியம் வேணும்ல. இன்னிக்கு காங்கிரஸ் ரேடியோவுல என்ன பேசினாங்கன்னு நாம படிக்க முடியுதுன்னா அது அந்த போலீஸ் ரிக்கார்டு புண்ணியம். ரேடியோ பேச்சு காத்தோட போற விஷயம், சர்க்காரே செலவு பண்ணி ஆள் போட்டு கோப்புல கட்டி வெச்சுக் குடுத்திருக்கான். யாருமே கேக்காத ரேடியோன்னா எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

அப்புறம் ஒரு செட்டுல ஒரு ஆள் மட்டும் கேக்குறதா நெனச்சுக்கிறது இந்தக் காலத்து இயர்ஃபோன் புத்தி. அப்போ ஒருத்தர் கேட்டு எழுதி, அது சைக்ளோஸ்டைல்ல போயி, துண்டுப்பேப்பரா கை மாறும். 1942 ஆகஸ்ட் 8 ராத்திரி கோவாலியா டேங்க் மைதானத்துல காந்தி செய் அல்லது செத்துமடின்னு பேசுறாரு, விடியறதுக்குள்ள அவரு, நேரு, படேல், ஆசாத் எல்லாரும் உள்ள. காந்தியோட ஹரிஜன் நின்னுபோச்சு. மிச்ச பேப்பரும் ஒண்ணு மூடிட்டான் இல்ல சென்சார்ல பயந்து எழுதினான். ஒரு ஊர்ல என்ன நடக்குதுன்னு பக்கத்து ஊருக்குத் தெரியாது. அந்த நேரத்துல சிட்டகாங்ல குண்டு விழுந்தது, ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம், பல்லியாவுல நடந்தது, அஷ்டி சிமூர்ல போலீஸும் பட்டாளமும் பண்ணின அக்கிரமம், இதெல்லாம் வாய்விட்டு சொன்னது அந்த ரேடியோதான். பல்லியாவுல ஜனங்க கொஞ்ச நாளைக்கு தனி சர்க்காரே நடத்திட்டாங்க. அது தெரிஞ்சா அடுத்த ஜில்லாக்காரனுக்கு என்ன தோணும் யோசிங்க.

நம்ம ஊர்ல அதே வருஷம் ஏப்ரல்ல ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸே காலியாச்சு, எங்க பாட்டி கதை கதையா சொல்லும், பயத்தவிட வதந்திதான் ஜாஸ்தின்னு. செய்தி இல்லாத எடத்துல வதந்திதான் ராஜா. ரேடியோ எதுக்குன்னு இப்போ புரியுதா?

சும்மாவந்தேன் | செவ்வாய் மாலை 5:40

பாட்டி பாயிண்டு செம

மாதுங்காகாரன் | செவ்வாய் இரவு 10:10

சொன்ன மாதிரி வந்துட்டேன். இன்னிக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல இதுக்குன்னே ஒரு சுத்து நடந்துட்டு வந்தேன், வெயில் மண்டையப் பொளக்குது, ஆனா நடந்ததுல ஒண்ணு புரிஞ்சுது, அத மட்டும் எழுதுறேன்.

இந்தம்மாவோட வாழ்க்கை மொத்தமும் ஒரு மணி நேரத்துல நடந்து முடிக்கிற தூரத்துக்குள்ள இருக்கு. சௌபாட்டி கடற்கரைக்கு எதிர்த்தாப்புல வில்சன் காலேஜ், அங்கதான் படிச்சாங்க, 1939ல தத்துவத்துல முதல் வகுப்பு. அப்புறம் சட்டம் படிக்க ஆரம்பிச்சு 1942ல பாதில விட்டாச்சு. அதே சௌபாட்டில சீ வியூன்னு ஒரு பில்டிங், காங்கிரஸ் ரேடியோ முதல்ல பேசினது அங்கருந்து. அப்புறம் லேபர்னம் ரோடுல அஜித் வில்லா. அதுக்கப்புறம் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, கிர்காம் பக்கம் எல்லாம் மாத்தி மாத்தி, கடைசியா மகாலக்ஷ்மி கோயில் பக்கத்துல பாரடைஸ் பங்களா. லேபர்னம் ரோடு பேரக் கேட்டா இங்க இருக்கிறவங்க யாரும் ரேடியோவ சொல்ல மாட்டாங்க, மணி பவன்னுதான் சொல்லுவாங்க, காந்தி பம்பாய் வந்தா தங்கின வீடு, இப்போ மியூசியம். அந்த மணி பவனுக்கு பின்னாள்ல தலைவரா இருந்தது யாருன்னு நெனக்கிறீங்க? இவங்கதான். ஒரு காலத்துல போலீஸுக்கு ஒளிஞ்சு டிரான்ஸ்மிட்டர் வச்சிருந்த அதே தெருவுல வயசான காலத்துல ஸ்கூல் பசங்களுக்கு காந்தியப் பத்தி சொல்லிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. அங்கருந்து பொடிநடையா போனா கோவாலியா டேங்க், இப்போ ஆகஸ்ட் கிராந்தி மைதானம், பசங்க கிரிக்கெட் ஆடிட்டு இருந்தாங்க.

குறுக்குக்கேள்விக்கு: 78 நாள் மட்டும் பேசுறோம்னு சொன்னீங்கல்ல, அது நியாயமான குறைதான், அந்த மீதி வாழ்க்கைய யாருமே பேசறதில்ல. 1946 ஏப்ரல்ல ஜெயில்லருந்து வெளிய வந்தாங்க. மொரார்ஜி தேசாய் அப்போ பம்பாய் மாகாண உள்துறை மந்திரி, அவரு உத்தரவுல, பம்பாய்ல முதல்ல விடுதலையான அரசியல் கைதியே இவங்கதான்னு சொல்லுவாங்க. ஒடம்பு ஒரேயடியா கெட்டுப் போச்சு. 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு ஊரே ரோட்டுல, இவங்க படுக்கைல. அப்புறம் எழுந்து பம்பாய் யுனிவர்சிட்டில காந்தியோட அரசியல், சமூக சிந்தனை பத்தி ஆராய்ச்சி பண்ணி 1953ல டாக்டர் பட்டம். படிச்ச வில்சன் காலேஜ்லயே 30 வருஷம் பாடம். யுனிவர்சிட்டில அரசியல் துறைத் தலைவரா இருந்து 1980ல ரிடையர். ஆங்கிலத்துலயும் குஜராத்திலயும் நிறைய எழுதியிருக்காங்க, கௌடில்யர் பத்தி, காந்தி பத்தி, பொம்பளைங்க எப்படி ஓட்டு போடுறாங்கங்கிறது பத்தி. மந்திரி பதவி, எம்பி சீட்டுன்னு எதுக்கும் போகல. கல்யாணம் வேண்டாம்னு சின்ன வயசுலயே முடிவு. கடைசி வரைக்கும் கதர்.

குறுக்குக்கேள்வி | செவ்வாய் இரவு 10:34

ஏத்துக்கிறேன். ஓட்டு பத்தி எழுதினாங்கன்னு தெரியாது. இத கேட்டுத்தான் நான் சண்டையே போட்டேன் 😀

ஆனா இன்னொரு கேள்வி இருக்கு. புடிபட்டது எப்படி? வேன் வெச்சு கண்டுபிடிச்சானா? எல்லா எடத்துலயும் "துரோகி காட்டிக் குடுத்தான்"னு ஒரு வரில முடிச்சுடுறாங்க.

வால்வுசெட் | புதன் காலை 8:15

இத எழுதணும்னுதான் ராத்திரி தூக்கம் வரல எனக்கு.

டிரான்ஸ்மிட்டரக் கட்டினவர் நரிமன் பிரிண்டர்னு ஒரு பார்சிக்காரர், ரேடியோ டெக்னீஷியன். சாமான் பூரா சிகாகோ ரேடியோ கம்பெனி நானக் மோட்வானி குடுத்தது. பழைய ஃபோட்டோவுல நேரு பேசும்போது மைக்குல சிகாகோன்னு எழுதியிருக்கும் பாத்திருப்பீங்க, அவங்கதான், காங்கிரஸ் மாநாட்டுக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டினவங்க. நவம்பர் 12 அன்னிக்கு போலீஸ் சிகாகோ ரேடியோவ ரெய்டு பண்றான், பாபுபாய் காக்கர் ஆபீஸயும் ரெய்டு பண்றான். பாபுபாய் இவங்க கூட்டாளி. பிரிண்டர் ஏற்கனவே கைல சிக்கியாச்சு, அவருதான் போலீஸ எடத்துக்குக் கூட்டிட்டு வந்தாரு.

ரெய்டு நடக்கிறப்போ உஷா பாபுபாய் ஆபீஸ்ல இருக்காங்க. முக்கியமான ஃபைல எடுத்துக்கிட்டு நழுவிட்டாங்க. இப்போ நீங்களோ நானோ என்ன பண்ணுவோம்? ஊர விட்டே ஓடுவோம். அவங்க நேரா ரிக்கார்டிங் பண்ற எடத்துக்குப் போறாங்க. ரிக்கார்டிங் ஒரு எடம், ஒலிபரப்பு வேற எடம், அப்படிப் பிரிச்சு வச்சிருந்தாங்க. அங்க அன்னிக்கு சாயங்காலத்துக்கான பேச்சு தயாராகிட்டு இருக்கு. விஷயத்த சொல்லிட்டு, நாளைக்கி இருப்போமோ இல்லியோ இன்னிக்கு நிகழ்ச்சி போயே ஆகணும்னு கிளம்பி ஒலிபரப்பு எடத்துக்கு வந்துட்டாங்க. கூட இன்னொரு கூட்டாளி சந்திரகாந்த் ஜவேரி. ஹிந்துஸ்தான் ஹமாரா பாட்டு போட்டாச்சு, வழக்கமா அதுலதான் ஆரம்பிக்கும். செய்தி போச்சு. சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா பேச்சு போச்சு. கடைசில வந்தே மாதரம் இசைத்தட்டு சுத்திக்கிட்டு இருக்கு, கதவு இடிபடுது. மூணு கதவு. மூணையும் உடைச்சு டெபுடி கமிஷனர், மிலிட்டரி டெக்னீஷியன், 50 போலீஸ் உள்ள வந்து நிக்கிறான். அந்த ரிக்கார்டை நிறுத்துங்கிறான். முடியாதுன்னுட்டாங்க.

இசைத்தட்டு சுத்தற வேகத்துல ஒரு பாட்டு முடிய மூணு நிமிஷம் மூணரை நிமிஷம் ஆகும். எனக்கு அந்த மூணு நிமிஷம்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது.

பிரிண்டர் விஷயத்துக்கு வாரேன். துரோகின்னு திட்ட எனக்கு மனசு வரல. அவரு பண்ணினது தப்புதான், அதுல சந்தேகம் இல்ல. அந்தம்மாவே, ஒரு இந்தியன் காட்டிக் குடுத்தாங்கிறதுதான் வலின்னு பின்னாடி வருத்தப்பட்டிருக்காங்க. ஆனா அந்த செட்ட யார் கையால சால்டர் பண்ணினது? அதுவும் அவர்தான். யுத்த காலத்துல, பார்ட்ஸ் கெடைக்காத நேரத்துல, தடை போட்ட சாமானக் கட்டி ஓட வச்சிருக்கான் ஒரு மனுஷன். போலீஸ் லாக்கப்ல என்ன நடந்துச்சுன்னு நாம உக்காந்து தீர்ப்பு சொல்றது லேசு.

சும்மாவந்தேன் | புதன் காலை 9:02

ஐயா மன்னிக்கணும், இத ஒத்துக்க முடியாது. அதே லாக்கப்ல தான உஷா மேத்தாவும் இருந்தாங்க?

வக்கீல்குமாஸ்தா | புதன் காலை 10:27

சும்மாவந்தேன் சும்மா வரலன்னு இப்போ தெரியுது.

ஆமா இருந்தாங்க. ஆறு மாசம் சிஐடி விசாரணை, தனிக் கொட்டடி. சக ஆட்களப் பத்தி சொன்னா வெளிநாட்டுல போய் படிக்க ஏற்பாடு பண்றோம்னு ஆசை காட்டியிருக்கான். 22 வயசு, லா படிப்ப பாதில விட்ட பொண்ணு, அப்பா நீதிபதி, இதவிட சரியான தூண்டில் போட முடியாது. ஒரு வார்த்த வரல.

கோர்ட்ல நடந்தது எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். ஸ்பெஷல் கோர்ட். ஜட்ஜ் கேள்வி கேக்க ஆரம்பிச்சதும் இவங்க திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, நான் பதில் சொல்லியே ஆகணுமா? கட்டாயம் இல்லன்னாரு ஜட்ஜ். அப்படின்னா எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லப் போறதில்ல, என்னயக் காப்பாத்திக்கிறதுக்காகக் கூடன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. சாதாரண ஆளு இத வீரவசனமா பாப்பாங்க, நான் கோர்ட்ல காலம் தள்ளுறவன், எனக்கு வேற மாதிரி தெரியுது. அப்போ இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 342ன்னு ஒரு பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவன் பதில் சொல்லலன்னா அதுக்காக தண்டிக்க முடியாது, ஆனா அவன் மௌனத்துலருந்து கோர்ட் என்ன வேணா ஊகிச்சுக்கலாம். அதாவது வாய மூடினா நமக்கு நஷ்டம்னு சட்டமே சொல்லுது. சட்டம் படிச்ச பொண்ணு, கண்ணத் தொறந்துக்கிட்டே அந்த நஷ்டத்த எடுத்துக்கிட்டா. ஏன்னா ஒரு கேள்விக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சா அடுத்தது "அப்போ கூட இருந்தது யாரு"ன்னு வரும். குறுக்கு விசாரணை தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். முழு மௌனம்னா ஓட்டை இல்லாத மௌனமா இருக்கணும்.

1943 மே மாசம் தீர்ப்பு. பாபுபாய்க்கு 5 வருஷம், உஷாவுக்கு 4, சந்திரகாந்துக்கு 1. விட்டல்தாஸ் ஜவேரி, மோட்வானி ரெண்டு பேரும் விடுதலை. அஞ்சு பேர்ல ரெண்டு பேரு வெளிய வந்துட்டாங்க. லோகியா 1944 மே வரைக்கும் சிக்கல, அப்புறம் புடிச்சு லாகூர் கோட்டைல போட்டு சித்திரவதை பண்ணினது தனிக் கதை. ரேடியோவுல பேசின இன்னொரு சோஷலிஸ்ட் தலைவர் அச்யுத் பட்வர்தனும் தலைமறைவாத்தான் இருந்தாரு.

வால்வுசெட் | புதன் காலை 11:40

வக்கீல் சார் சொன்னப்புறம் நான் என்ன பேச. சரி, பிரிண்டருக்கு நான் வக்காலத்து வாங்கல. கை வேலைக்காரன்னு ஒரு பாசம், அவ்வளவுதான்.

மாடித்தோட்டம் | புதன் இரவு 8:55

ஐயோ எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. மூணு நிமிஷத்துக்குக் கேட்டா முப்பது நிமிஷத்துக்கு விஷயம் குடுத்திருக்கீங்க. ராத்திரி பூரா உக்காந்து வெட்டிக்கிட்டு இருக்கேன். அவங்கள அடைச்சு வெச்சிருந்த புனே ஏரவாடா ஜெயில் பத்தி யாராவது கொஞ்சம் சொல்ல முடியுமா, அதுல ஒண்ணும் இல்ல என்கிட்ட. அப்புறம் பொண்ணு கேட்ட கேள்வி: "அம்மா அவங்க குரல் எப்படி இருக்கும்?" எனக்கு பதில் தெரியல.

மாதுங்காகாரன் | புதன் இரவு 9:47

ஏரவாடாவுல ஒடம்பு மோசமாகி இங்க ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க மேடம். கட்டில சுத்தி மூணு நாலு பெண் போலீஸ் ராப்பகலா காவல், தப்பிச்சுடுவாங்கன்னு. எழுந்து நடக்கவே முடியாதவங்களுக்கு! கொஞ்சம் தேறினதும் மறுபடி ஏரவாடாவுக்கே. ஆனா ஜெயில்லருந்து சந்தோஷமாவும் கொஞ்சம் கர்வமாவும்தான் வந்தேன்னு சொல்லியிருக்காங்க, சுதந்திரத்துக்கு எங்களால ஆனத பண்ணோங்கிற திருப்தி.

குரல் பத்தி: வயசான காலத்துல குடுத்த பேட்டிகள் இருக்கு. 1942ல அவங்க மட்டும் படிக்கல, கூமி தஸ்தூர்னு ஒரு பொண்ணும் படிச்சாங்க, லோகியா, பட்வர்தன் எல்லாரும் பேசினாங்க. கேக்குறவங்களுக்கு யார் குரல்னு தெரியாது, பேர் சொல்ல மாட்டாங்க. தெரியக் கூடாதுங்கிறதுதானே விஷயமே.

கடைசி நாள் பத்தி ஒண்ணு, பாப்பாவுக்கு உதவும். 2000 ஆகஸ்ட் 9, வெள்ளையனே வெளியேறு நாள், காய்ச்சலோட ஆகஸ்ட் கிராந்தி மைதானத்துக்கு வந்திருக்காங்க, வருஷா வருஷம் வர்றது. வீட்டுக்குப் போயி ரெண்டாவது நாள், 11ஆம் தேதி, போய்ட்டாங்க. 80 வயசு. 1998லயே பத்மவிபூஷண் குடுத்தாச்சு. ஆனா நாடு போற போக்கு புடிக்கல அவங்களுக்கு, நாங்க போராடினது இந்த மாதிரி சுதந்திரத்துக்கு இல்லன்னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. அத எட்டாங்கிளாஸ் மேடைல சொல்லலாமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க 😀

குறுக்குக்கேள்வி | புதன் இரவு 10:15

சொல்லச் சொல்லுங்க மேடம். அத விட்டுட்டா இன்னொரு படம் வரைஞ்சு சட்டம் போட்டு மாட்டின மாதிரி ஆயிடும்.

மாடித்தோட்டம் | சனி காலை 7:20

ரிசல்ட் சொல்லணும்ல. ரெண்டாம் பரிசு. முதல் பரிசு கடலூர் அஞ்சலையம்மாளா வந்த பொண்ணுக்கு, நல்லாவே பேசினா, குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரருக்குத்தான் கோவம், அவரு நடுவர் டைம் தப்பா பாத்துட்டாங்கிறாரு, விட்டுட்டேன்.

டிரஸ் தெக்க நேரம் இல்ல, எங்க அம்மாவோட வெள்ளைக் கதர்ப் புடவையக் கட்டி விட்டேன், பாதில கொசுவம் அவுந்து ஒரு கைல புடிச்சுக்கிட்டே பேசினா. வால்வுசெட் ஐயா சொன்ன வளைய ஏரியல் விஷயத்த கையால சுத்திக் காட்டினா பாருங்க, பின்னாடி உக்காந்திருந்த பசங்க கூட நிமிந்து உக்காந்தாங்க. கடைசில குறுக்குக்கேள்வி சொல்லச் சொன்ன அந்த "இந்த மாதிரி சுதந்திரத்துக்கு இல்ல" வரியும் வந்துச்சு. எச்எம் முகம் லேசா மாறிச்சு, ஆனா கை தட்டினாங்க.

இப்போ புது பிரச்னை. எங்க மாமனார் வீட்டுப் பரண்ல ஒரு பழைய மர்ஃபி வால்வு செட்டு 40 வருஷமா தூங்குது. நேத்து ராத்திரி அத எறக்கி வெச்சுக்கிட்டு இவ 42.34 எங்க இருக்குன்னு டயல்ல தேடுறா. பின்னாடி மூடிய கழட்டவும் ஆரம்பிச்சுட்டா. ஐயா இது ஓடுமா? ப்ளக்குல சொருகிப் பாக்கலாமா?

வால்வுசெட் | சனி காலை 7:31

சொருகாதீங்க!! 40 வருஷம் கெடந்த செட்ட நேரா கரண்ட்டுல சொருகினா கண்டன்சர் வெடிச்சு வீடு பூரா பொகை ஆயிடும், சில சமயம் டிரான்ஸ்பார்மரும் சேந்து போயிரும். முதல்ல பின் மூடிய கழட்டி உள்ள ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க. எலி வயர கடிச்சிருக்கா, வால்வு எத்தன, கண்ணாடி உள்ள வெள்ளையா படிஞ்சிருக்கா, அத மட்டும் பாத்துச் சொல்லச் சொல்லுங்க பாப்பாவ. வால்வு வெள்ளையா இருந்தா காத்து பூந்துடுச்சு, அது போச்சு. சில்வரா கருப்பா இருந்தா பொழச்சுக்கும். டயல் கயிறு அந்து போயிருக்கும், அது பரவால்ல, நான் சொல்லித் தாரேன்.